வாடைக் காற்றும் மிதிவண்டியும்

நம் முன்னோர் ஓராண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் மார்கழியும் தையும் முன்பனிக் காலம். மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். காற்றுக்கும் அவர்கள் திசைக்கொரு பெயர் வைத்தனர். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். வடக்கிலிருந்து வருவது வாடை. பத்துப்பாட்டுள் ஒன்று இவ்வாடையின் பெயரையே தாங்கி, நெடுநல்வாடை என்று வழங்குகிறது. ஆந்திர எல்லையை ஒட்டிய எங்கள் திருத்தணிப் பகுதியில், வீட்டில் தெலுங்கு பேசும் மாணவர்கள் இக்குளிர்காற்றைச் ‘சலிகாலி’ என்பார்கள். எம்மொழியில் அழைத்தாலும் அதன் கடுமை ஒன்றுதான்.

இக்காற்றைப் பற்றி வானொலியில் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. பொதட்டூர்பேட்டை, கனகம்மாசத்திரம், நகரி போன்ற ஊர்களையும் திருத்தணியையும் இணைக்கும் சாலைகளில், விடியற்காலையில் மிதிவண்டி மிதித்துச் செல்லும் பிள்ளைகள் பலர். தமிழக அரசு 2001-ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம் படிப்படியாக விரிந்து, மேல்நிலை வகுப்பு மாணவ மாணவியர் பலருடைய வீட்டு வாசலில் ஒரு வண்டியை நிறுத்தியிருக்கிறது. பேருந்து வராத சிற்றூருக்கும் பள்ளிக்கும் இடையே அவ்வண்டிதான் பாலம். ஆயினும், அரையாண்டுத் தேர்வு மார்கழியின் தொடக்கத்தையொட்டி வருகிறது. பொதுத்தேர்வுக்கான சிறப்பு வகுப்புகளோ தையிலும் மாசியிலும் காலை இருள் பிரியுமுன் தொடங்குகின்றன. குளிருக்கு அஞ்சி ஒரு பிள்ளை முதல் வகுப்பை இழந்தால், அவ்விழப்பு அவனுடைய மதிப்பெண்ணில் தெரியும். நான் தலைமையாசிரியனாக இருந்த நாள்களில், விரல் விறைத்துப் பேனாவைப் பிடிக்க இயலாமல், உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு அமர்ந்திருந்த பிள்ளைகளை ஒவ்வோராண்டும் கண்டிருக்கிறேன். அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியவற்றையே இப்பொழுது சொல்லப் புகுகிறேன்.

முதலில் ஒரு வினா. வீட்டுத் திண்ணையில் நிற்கும்போது தாங்கக்கூடியதாக இருக்கும் குளிர், வண்டியில் ஏறி மிதிக்கத் தொடங்கியதும் ஏன் தாங்க முடியாததாகிறது? இரண்டு இடத்திலும் காற்றின் வெப்பநிலை ஒன்றேயன்றோ?

நம் உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ். தோலின் வெப்பம் அதனினும் சில பாகை குறைவு. சுற்றியுள்ள காற்று குளிர்ந்திருக்கும்போது தோலை ஒட்டிய மெல்லிய காற்றுப்படலத்தை நம் உடல் சூடாக்கி வைத்துக்கொள்கிறது. காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருளாதலால், அசையாதிருக்கும் அப்படலம் ஒரு கண்ணுக்குத் தெரியாத போர்வையாகும். காற்று வீசும்போது அப்போர்வை பறிக்கப்படுகிறது. உடல் புதிய படலத்தைச் சூடாக்குகிறது, அதுவும் பறிபோகிறது. இவ்வாறு இடைவிடாமல் வெப்பத்தை இழப்பதையே நாம் குளிர்காற்றின் கொடுமை என்கிறோம்.

இங்கே மிதிவண்டி செலுத்துவோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். எங்கள் பகுதியில் பனிக்காலத்து விடியல் பெரும்பாலும் காற்றசைவு குன்றியே இருக்கும். மரத்தின் இலைகூட அசையாது. அப்படியிருந்தும் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவன் முகத்தில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகக் காற்று மோதுகிறது. அக்காற்றை உண்டாக்குபவன் அவனே. எனவே குளிர் மிகுந்த இடத்தில் வேகத்தைச் சற்றுக் குறைத்தால் குளிரும் குறையும். நடந்து செல்பவனுக்கு இல்லாத இத்துன்பம் வண்டியில் செல்பவனுக்கு வருவதன் காரணம் இதுவே.

குளிர்ச்சியின் மேல் காற்று எவ்வளவு வலிமை செலுத்துகிறது என்பதை முறையாக அளந்து பார்த்தவர்கள் பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் என்னும் இரு அமெரிக்கர்கள். அவர்கள் அண்டார்க்டிகாவில் ஓர் உருளையில் தண்ணீரை நிரப்பி, வெவ்வேறு காற்று வேகங்களில் அது உறைவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்கெடுத்து, 1945-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அதன் வழியில் வந்த காற்றுக்குளிர் அளவையைத்தான், 2001-ஆம் ஆண்டில் திருத்தியமைத்து, அமெரிக்காவிலும் கனடாவிலும் வானிலை அறிவிப்புகளில் வழங்குகின்றனர். அவ்வளவை 10 பாகையும் அதற்குக் கீழும் உள்ள குளிருக்கே ஏற்பட்டது. நம் சமவெளியில் அத்தகைய கடுங்குளிர் வழக்கமன்று. தோல் உறைந்து போகும் என்ற அச்சமும் நமக்குத் தேவையில்லை. ஆனால் வெப்பம் பறிபோகும் முறை அங்கும் இங்கும் ஒன்றே.

இரண்டாவது வினா: ஒரு நாளில் மிகக் குளிர்ந்த நேரம் எது? நள்ளிரவு என்று பலர் எண்ணுவர். உண்மை அதுவன்று. கதிரவன் மறைந்தது முதல் நிலம் தன் வெப்பத்தை வானை நோக்கி வீசிக்கொண்டே இருக்கிறது. மேகமில்லாத இரவில் இவ்விழப்பு மிகுதி. மறுநாள் கதிரவன் எழும் வரை இழப்பு தொடர்வதால், விடியலை ஒட்டிய நேரமே மிகக் குளிர்ந்த நேரமாகும். தை மாதத்தில் எங்கள் ஊரில் கதிரவன் எழுவது காலை ஆறரை மணியளவில். சிறப்பு வகுப்புக்குப் பிள்ளைகள் புறப்படும் வேளை சரியாக அதுவே. மேலும் குளிர்ந்த காற்று எடை மிகுந்தது. அது தாழ்ந்த இடங்களை நாடி நீர்போல் இறங்கித் தேங்கும். சாலை ஏரிக்கரையை அடுத்தோ மலையடிவாரத்துப் பள்ளத்திலோ செல்லும்போது திடீரெனக் குளிர் கூடுவதை நீங்கள் உணர்ந்திருப்பீர்கள். இரண்டு தெரு தாண்டி மேட்டில் ஏறியதும் அது குறைந்துவிடும். பனிமூட்டமும் அத்தகைய பள்ளங்களிலேயே முதலில் படியும்.

மூன்றாவதாக, ஈரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மண்பானையில் வைத்த தண்ணீர் கோடையில் ஏன் குளிர்கிறது என்பது ஆறாம் வகுப்பு மாணவனுக்கும் தெரியும். பானையின் நுண்துளை வழியே கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். கோடையில் நாம் விரும்பும் அவ்வித்தையே பனிக்காலத்தில் பகையாகிறது. வியர்வையால் நனைந்த சட்டையோடு காற்றில் செல்பவன் தானே ஒரு மண்பானை ஆகிறான். அன்றியும், நீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேலாக வெப்பத்தைக் கடத்தவல்லது. ஆகவே நனைந்த துணி, போர்வையாக இருக்கும் தன்மையை இழந்துவிடுகிறது.

திருத்தணி மலைப்பாதையை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம். முருகன் கோயிலுக்கு 365 படிகள் இருப்பதை அனைவரும் அறிவர். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31-ஆம் நாள் இரவில், அக்கடுங்குளிரில், திருப்புகழ் பாடிக்கொண்டு அடியார்கள் படிதோறும் பூசை செய்து ஏறுகின்றனர். ஏறுவோர் எவரும் நடுங்குவதில்லை. தசைகள் உழைக்கும்போது உடல் தானே சூடாகிவிடுகிறது. வாகனங்கள் செல்லும் சாலை ஒன்றும் மலைமேல் உண்டு. அதில் ஓர் இளைஞன் மிதிவண்டியோடு ஏறுகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஏறும்போது அவனுக்கு வியர்க்கிறது. இறங்கும்போது மிதிக்க வேண்டியதில்லை. உடலில் புதிதாக வெப்பம் பிறப்பதும் இல்லை. வேகமோ இரட்டிக்கிறது, சட்டையோ நனைந்திருக்கிறது. குளிரை மிகுவிக்கும் மூன்றும் ஒருங்கே சேர்ந்துவிடுகின்றன. ஏறும்போது மேலாடையைக் கழற்றிப் பையில் வைத்து, இறங்கும் முன்பு அணிந்துகொள்பவனே அறிவாளி.

பிரான்சு நாட்டைச் சுற்றி நடக்கும் புகழ்பெற்ற மிதிவண்டிப் பந்தயத்தில் மலையுச்சியை அடைந்த வீரர்கள், இறக்கத்தில் இறங்கும் முன்னர்ச் செய்தித்தாளை வாங்கிச் சட்டைக்குள் மார்பில் செருகிக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலமாக இருந்தது. தாள் கனமற்றது, காற்றை உட்புகவிடாது, தாளுக்கும் உடலுக்கும் இடையே காற்றுப்படலம் அசையாமல் நிற்கும். காசு செலவில்லாத இந்த உத்தியை நீங்களும் கையாளலாம். பழைய செய்தித்தாளின் இரண்டு தாள்களை மடித்துச் சட்டைக்கும் பனியனுக்கும் நடுவே மார்பில் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி வாசலில் எடுத்து மடித்து மாலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இனி உடையைப் பற்றி. தடித்த ஒரே ஆடையைவிட மெல்லிய இரண்டு மூன்று ஆடைகள் நல்லவை. அவற்றின் இடையே காற்றுப்படலங்கள் நிற்பதே காரணம். கம்பளிச் சட்டை சூடு தருவதாயினும் அதன் பின்னலின் கண்கள் வழியே காற்று நுழையும். எனவே கம்பளி உள்ளேயும், நெருக்கமாக நெய்த துணி அதன்மேலும் இருக்கவேண்டும். கம்பளிச் சட்டைமேல் அண்ணனுடைய பழைய முழுக்கைச் சட்டை ஒன்றை அணிந்தாலே போதும். எங்கள் பகுதி நெசவுக்குப் பெயர்பெற்றது. இழை நெருங்கிய துணி எது, தளர்ந்த துணி எது என்று நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. துணியை வாயருகே பிடித்து ஊதிப் பாருங்கள். மறுபுறம் வைத்த உள்ளங்கையில் மூச்சு படாவிட்டால் அதுவே வாடைக்கு ஏற்ற துணி.

உடல் மிதிப்பதனால் சூடாகும். மிதிப்பதற்குச் செலவாகும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே வண்டியை நகர்த்துகிறது, எஞ்சியது வெப்பமாகிறது. ஆதலால் புறப்படும்போது சற்றுக் குளிர்வது போலிருந்தால் அது சரியான உடை. பத்து நிமிடத்தில் சூடு பிறந்துவிடும். ஆனால் இவ்வெப்பம் கைவிரலுக்கும் காதுக்கும் எளிதில் எட்டாது. குளிரும்போது உடல் தன் உள்ளுறுப்புகளைக் காப்பதற்காக விரல்நுனிகளுக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைத்துவிடுகிறது. விரல்களோ கைப்பிடியில் அசையாமல் இருந்துகொண்டு காற்றை நேரே எதிர்கொள்கின்றன.

இது வெறும் வசதிக் குறைவு அன்று, உயிர்பற்றியது. மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 5 மீட்டர் கடக்கிறது. விறைத்த விரல் பிரேக்கைப் பிடிக்க அரை நொடி தாமதித்தால் வண்டி இரண்டரை மீட்டர் முன்னே போய்விடும். சாலையைக் கடக்கும் ஒரு குழந்தைக்கும் உங்கள் சக்கரத்துக்கும் இடையிலுள்ள தூரம் அதுவாகவே இருக்கலாம். கையுறை இல்லாதவர்கள் பழைய காலுறையைக் கையில் மாட்டிக்கொள்ளலாம். பிரேக்கைப் பிடிக்கும் விரல்கள் தடையின்றி மடங்குகின்றனவா என்று மட்டும் வண்டி ஏறுமுன் பார்த்துக்கொள்ள வேண்டும். கையைச் சட்டைப்பையில் நுழைத்துக்கொண்டும், கக்கத்தில் இடுக்கிக்கொண்டும் ஒற்றைக் கையால் வண்டி விடுவது ஒருகாலும் ஆகாது. குளிர் பொறுக்கவில்லையெனில் இறங்கி நூறு அடி தள்ளிக்கொண்டு நடவுங்கள். காலும் கையும் சூடேறும்.

காதை மூடவேண்டும், ஆனால் செவிடாகிவிடக்கூடாது. துண்டையோ மப்ளரையோ தலையைச் சுற்றிப் பல மடிப்பாகக் கட்டினால் பின்னே வரும் வாகனத்தின் ஒலி கேளாது; தலையைத் திருப்பிப் பார்ப்பதும் கடினம். மெல்லிய துணி ஒரு சுற்றுப் போதும். அதன் முனைகளை உள்ளே செருகிவிட வேண்டும். தொங்கும் முனை சக்கரத்தில் சிக்கிக் கழுத்தை இறுக்கும். தாவணி, துப்பட்டா அணியும் மாணவியர் இதில் இருமடங்கு கவனமாக இருத்தல் வேண்டும். துணியின் ஒரு மடிப்பை மூக்கையும் வாயையும் மூடுமாறு விட்டால், வெளிவிடும் மூச்சின் சூடும் ஈரமும் துணியில் தங்கி, உள்ளிழுக்கும் காற்றை இதமாக்கும். இழுப்பு நோய் உள்ளவர்களுக்கு இது மிக இன்றியமையாதது. குளிர்ந்து உலர்ந்த காற்று அவர்களுடைய மூச்சுக்குழலைச் சுருங்கச் செய்யும். மருத்துவர் தந்த மருந்தை அவர்கள் பையில் வைத்துக்கொண்டே புறப்படவேண்டும். நெஞ்சு இறுகினால் உடனே நின்றுவிடவேண்டும்.

குளிர்காற்றில் மூக்கு ஒழுகுவதைக் கண்டு சளி பிடித்துவிட்டதென்று அஞ்சுவோர் உண்டு. உள்ளே செல்லும் காற்றைச் சூடாக்கி ஈரமாக்குவது மூக்கின் தொழில். காற்று குளிர்ந்திருக்கும்போது அது மிகுதியாக நீரைச் சுரக்கிறது, அவ்வளவே. சளியை உண்டாக்குவது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் நுண்கிருமி.

இதுவரை குளிரைப் பற்றிச் சொன்னேன். இனி, எதிர்க்காற்றைப் பற்றிச் சில சொற்கள். பொழுது ஏற ஏறக் காற்றும் எழும். வடகிழக்குக் காற்று எழுந்த வேளையில் அரக்கோணத்திலிருந்து திருத்தணி நோக்கி வடக்கே வருபவனுக்கு அது எதிராகவே நிற்கும். காற்றின் தடை, அதன் வேகத்தைப் போல் வளர்வதில்லை. வேகத்தின் இருமடிக்கேற்ப வளர்கிறது. அசையாக் காற்றில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவனுக்கு எதிரே 15 கிலோமீட்டர் வேகக் காற்று வீசினால், அவன்மீது மோதும் காற்றின் வேகம் 30 ஆகும். வேகம் இருமடங்கு, தடையோ நான்கு மடங்கு. பழைய வேகத்தையே காக்க முயன்றால் மூச்சு வாங்கும், வியர்க்கும், வியர்வை காற்றில் குளிர்ந்து நடுக்கும். ஆகவே எதிர்க்காற்றோடு மல்லுக்கு நிற்காமல் வேகத்தைக் குறைத்து, முன்னதாகப் புறப்படுவதே முறை.

‘போகும்போது எதிர்த்த காற்று வரும்போது தள்ளிவிடுமே, கணக்கு நேராகிவிடாதா?’ என்று ஒரு மாணவன் கேட்கக்கூடும். கணக்கிட்டே பார்ப்போம். பள்ளி 10 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. காற்றில்லாத நாளில் 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல 40 நிமிடம், திரும்ப 40 நிமிடம். ஆக 80 நிமிடம். காற்றடிக்கும் நாளில் போகும் வேகம் 10 ஆகக் குறைந்து, வரும் வேகம் 20 ஆக உயர்ந்தால், செல்ல 60 நிமிடம், திரும்ப 30 நிமிடம். ஆக 90 நிமிடம். இழந்த நேரம் முழுதும் திரும்பி வருவதில்லை. அதிலும் காலையில் இழந்த 20 நிமிடமே பள்ளியின் வாயிற்கதவை மூடச் செய்வது.

அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலை அமைத்த டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனம் 1949-ஆம் ஆண்டில் தோன்றியது. அக்காலம் முதல் நம் நாட்டில் பெருகிய கருப்பு வண்டிகள் ஆங்கில நாட்டு அமைப்பைத் தழுவியவை. நிமிர்ந்து உட்கார்ந்து சாலையை நன்கு பார்க்கலாம், சுமையும் ஏற்றலாம். ஆனால் நிமிர்ந்த மார்பு காற்றைப் பாய்மரம் போல் தாங்கும். எதிர்க்காற்றில் முழங்கையைச் சற்று மடக்கி, தோளைத் தாழ்த்தி, பார்வையைச் சாலையிலேயே வைத்து மிதித்தால் தடை கணிசமாகக் குறையும். நெதர்லாந்து நாட்டில் 2013-ஆம் ஆண்டு தொடங்கி, கடலோரப் பெரும் அணை ஒன்றின்மேல் எதிர்க்காற்று மிதிவண்டிப் போட்டி நடத்துகிறார்கள். கடும் புயற்காற்று வீசும் நாளைத் தேர்ந்தே, கியர் இல்லாத நிமிர்ந்த சாதாரண வண்டிகளில் 8.5 கிலோமீட்டர் மிதிக்கவேண்டும். நம் பிள்ளைகளின் வண்டி போன்ற வண்டியில்தான் அவர்களும் வாடையை வெல்கிறார்கள்.

நண்பர்கள் பலர் சேர்ந்து செல்வது இன்னொரு வழி. முன்னே செல்பவன் காற்றைப் பிளக்கிறான். அவனுக்குப் பின்னே நெருங்கி வருபவனுக்கு உழைப்பு குறைகிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை முன்னிடத்தை மாற்றிக்கொண்டால் எல்லோருக்கும் சுமை பகிரப்படும். வலிய பிள்ளை முன்னே, இளைய பிள்ளை நடுவே என்று அமைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒருவர் பின் ஒருவராகவே செல்லவேண்டும். முன்வண்டியின் பின்சக்கரத்தோடு உங்கள் முன்சக்கரம் உரசாதபடி இடைவெளி விடவேண்டும். முன்னே செல்பவன் நிற்குமுன் குரல் கொடுக்கவேண்டும்.

சென்னை–திருப்பதி நெடுஞ்சாலையில் செல்வோருக்கு ஓர் எச்சரிக்கை. பக்கக்காற்று வீசும்போது நம்மையறியாமலே காற்றின் பக்கம் சாய்ந்து செல்கிறோம். பெரிய லாரி ஒன்று காற்றை மறைத்துக் கடக்கும் கணத்தில், சாய்வுக்கு எதிர்ப்பின்றி வண்டி அதன்புறம் இழுபடும். லாரி கடந்ததும் காற்று மீண்டும் அறையும். பின்னே லாரியின் ஒலி கேட்டவுடன் கைப்பிடியை இரு கையாலும் உறுதியாகப் பற்றி, வேகத்தைக் குறைத்து, சாலையின் இடவோரத்தை நாடுங்கள். பனிமூட்டத்தில் முன்விளக்கும், மட்கார்டில் சிவப்பு ஒளிதிருப்பியும், வெளிர்நிற உடையும் இன்றிச் செல்லுதல் கூடாது. மூட்டம் அடர்ந்தால் பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி நின்று, கதிரவன் அதைக் கலைத்தபின் செல்லுங்கள்.

என்னோடு தொழில் புரிந்தவர்களும் புரிகின்றவர்களுமாகிய ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். வாடை வீசும் நாளில் பத்து நிமிடம் தாழ்ந்து வரும் பிள்ளை சோம்பேறி அல்லன் என்பதை மேலே கண்ட கணக்கே காட்டும். அவனை வெளியே, அதே காற்றில், நிறுத்தி வைப்பதால் பாடம் ஏறாது. உள்ளே அழைத்து, வெயில் படும் சன்னலருகே அமர்த்தி, விரல் இளகியபின் எழுதச் சொல்லுங்கள். சீருடையின்மேல் நிறம் மாறிய கம்பளிச் சட்டை ஒன்றைக் கண்டால் தையும் மாசியும் கழியும் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாணவர்களே! இன்றிரவே உங்கள் வண்டியின் டயரில் காற்று இருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, விளக்கு எரிகிறதா என்று பார்த்து வையுங்கள். மேலாடையையும் துண்டையும் இரண்டு செய்தித்தாளையும் பையருகே எடுத்து வையுங்கள். புறப்படுமுன் சூடாக ஏதேனும் அருந்துங்கள். முதல் பத்து நிமிடம் மெல்ல மிதியுங்கள். வழக்கத்தைவிடக் கால்மணி நேரம் முந்திப் புறப்படுங்கள்.